குழந்தையின் முகம் காணாத கதைசொல்லி

1988-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் தேதி ஜப்பான் தேசத்துத் திரையரங்குகளில், ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் என்ற ஏற்பாட்டில், கையால் வரையப்பட்ட இரு சித்திரப் படங்கள் ஒன்றாக வெளியாயின. இரண்டும் ஸ்டூடியோ கிப்லி என்னும் ஒரே கலைக்கூடத்தில் பிறந்தவை. இரண்டிலும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். இரண்டிலும் தாய் அருகில் இல்லாத வேளையில், உடன்பிறந்த மூத்த பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டே அவள் தன் நாட்களைக் கழிக்கிறாள். ஹயாவோ மியாசாகி இயக்கிய 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ'வில் மெய் என்ற அச்சிறுமி, ஆஸ்பத்திரியில் நோயுற்றுக் கிடக்கும் தாய்க்குக் கொடுப்பதற்காக ஒரு மக்காச்சோளக் கதிரை மார்போடு அணைத்துக்கொண்டு தனியே புறப்பட்டு, வழி தவறி, ஊரார் அனைவரும் பதறித் தேடும்படி ஆகி, முடிவில் அக்காளின் கைகளில் பத்திரமாக வந்து சேர்கிறாள். இசாவோ தக்காஹாத்தா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை'யிலோ செத்சுகோ என்ற சிறுமி, 1945-இல் கோபே நகரத்தின்மீது பொழிந்த தீக்குண்டுகளுக்குத் தாயைப் பறிகொடுத்து, அண்ணனோடு கைவிடப்பட்ட பதுங்கு குழி ஒன்றில் ஒண்டி வாழ்ந்து, உணவின்றி மெலிந்து உயிர் துறக்கிறாள். அவள் ஆசையோடு வைத்திருந்த மிட்டாய் டப்பாவில் கடைசியாக அவளுடைய அஸ்தியே தங்குகிறது.

இந்த இரண்டு படங்களும் அவற்றை உருவாக்கியவர்களின் சொந்தத் துக்கத்திலிருந்து ஊறியவை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். மியாசாகியின் தாய் முதுகெலும்புக் காசநோயால் நெடுங்காலம் படுக்கையில் இருந்தவர். தக்காஹாத்தா ஒன்பது வயதில் ஒக்காயாமா நகரத்துக் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். 'மின்மினிகளின் கல்லறை'க்கு மூலமான கதையை எழுதிய அகியூகி நோசாகாவோ, போர்க்காலப் பட்டினிக்குத் தம் தங்கையைப் பலிகொடுத்தவர். ஆகவே, ஒன்றில் துக்கம் உண்டு, மற்றதில் இல்லை என்று பிரித்துவிட முடியாது. இருந்தும், முதற்படத்தை நான்கு வயதுக் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு மனநிறைவோடு பார்க்கலாம். இரண்டாவதை, அது எத்துணை உயர்ந்த கலைப்படைப்பாயினும், அந்தக் குழந்தைக்குக் காட்டுவது பெரும் பிழை என்றே சொல்வேன். இரண்டும் பொம்மைப் படங்களே. இரண்டும் குடும்பத்தைப் பற்றியவையே. இரண்டும் ஒரே நாளில் ஒரே அரங்கில் காட்டப்பட்டவையே. பின்னர் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்ந்து தெளிவதே, தம் பிள்ளைகளைத் திரையின் முன் உட்கார வைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் இன்று ஏற்பட்டுள்ள கடமை.

நம் வீடுகளில் இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் நடப்பதில்லை. 'பொம்மைப் படம்தானே, குழந்தை பார்க்கட்டும்' என்ற ஒரே வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது. கோடுகளாலும் வர்ணங்களாலும் ஆன உருவங்கள் குழந்தையின் மனத்தை ஒன்றும் செய்துவிடா என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. ஆனால் உண்மை நேர்மாறானது. 1937-இல் வந்த 'ஸ்னோ ஒயிட்' தொடங்கி 2013-இல் வந்த 'ஃப்ரோசன்' வரையில், மிகுதியான வசூல் கண்ட 45 குழந்தைச் சித்திரப் படங்களை எடுத்து, பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. முக்கியமான பாத்திரம் ஒன்றின் மரணம் திரையில் காட்டப்படுவது பெரியவர்களுக்கான படங்களில் ஏறத்தாழப் பாதியாக இருக்க, குழந்தைகளுக்கான படங்களில் அது மூன்றில் இரண்டு பங்காக இருந்தது என்று அந்த ஆராய்ச்சி கண்டது. மாள்பவர்களிலும் தாய் தந்தையரே கதாநாயகக் குழந்தையை விட்டுப் பிரிபவர்களாகப் பன்முறை அமைகிறார்கள். பொம்மை என்று நாம் அலட்சியமாக விட்டுவிடும் இடத்திலேதான் குழந்தை முதன்முதலாக மரணத்தைச் சந்திக்கிறது.

இதைச் சொன்னவுடன், அப்படியானால் துக்கமும் பயமும் இல்லாத படங்களை மட்டுமே காட்டிவிடலாமே என்று ஒரு சாரார் முன்வருவர். அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. நம் பாட்டிமார் சொல்லிவந்த கதைகளில் இல்லாத பயம் எந்தப் படத்திலும் இல்லை. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காளின் கதையும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகன்மேல் தேரோட்டிய சோழனின் கதையும் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தவையே. ஆள்விழுங்கும் ராட்சசனும், காட்டில் தனியாக விடப்பட்ட குழந்தையும் வராத கதையைக் கதையென்று எந்தப் பிள்ளையும் மதித்ததில்லை. பயத்தைச் சிறிது சிறிதாகச் சுவைத்துப் பழகுவதால்தான் தைரியம் என்ற குணம் குழந்தையிடத்தில் துளிர்க்கிறது. பிறர் துக்கத்துக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதால்தான் இரக்கம் என்ற குணம் அதன் உள்ளத்தில் ஊற்றெடுக்கிறது.

ஆனால் பாட்டிக்கும் படத்துக்கும் இடையே மிகப் பெரிய பேதம் ஒன்று இருக்கிறது. ராட்சசன் வாசலுக்கு வந்துவிட்டான் என்று சொல்லும்போது பாட்டியின் கண்கள் கதையின்மேல் இருப்பதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தின்மேல் இருக்கின்றன. அந்த முகம் சுருங்கினால் ராட்சசனின் பல் ஒன்று உடனே ஆடத் தொடங்கும். உதடு பிதுங்கினால் கதவுக்குப் பின்னால் ஓர் உலக்கை வந்து முளைக்கும். கண் பிரகாசித்தாலோ ராட்சசன் இன்னும் ஒரு பனை உயரம் வளர்ந்துவிடுவான். ஒரே கதையை மூன்று வயதுப் பேரனுக்கு ஒருவிதமாகவும் எட்டு வயதுப் பேத்திக்கு வேறுவிதமாகவும், அதே பேரனுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் மற்றொரு விதமாகவும் சொல்லும் விவேகம் அவளிடம் இருந்தது. படம் என்ற கதைசொல்லிக்கோ எல்லாம் உண்டு; கண் ஒன்று மட்டும் இல்லை. அழுகிற குழந்தைக்காக அது ஒரு நொடியும் நிற்காது. நடுங்குகிற குழந்தைக்காகத் தன் குரலைத் தாழ்த்தாது. நூறு குழந்தைகள் இருந்தாலும் நூறு பேருக்கும் ஒரே அளவில் இருளையும் ஓசையையும் பரிமாறிக்கொண்டே போகும். ஆகவே, ஒரு படம் சிறு பிராயத்துக் குழந்தைக்கு ஏற்றதா என்று நிர்ணயிப்பது, அதில் எத்தனை பயங்கரக் காட்சிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதாக இருக்க முடியாது. கண்ணில்லாத அந்தக் கதைசொல்லி குழந்தையை எங்கே அழைத்துப் போகிறது, போன இடத்தில் துணைக்கு யாரை வைக்கிறது, எவ்வளவு நேரத்தில் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது என்பவையே உண்மையான கேள்விகள்.

இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு முன்னால், சிறு குழந்தை எதற்குப் பயப்படும் என்பதை நாம் சரியாக அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் நாம் பயப்படும் இடங்களில் அது பயப்படுவதில்லை. என் பேத்திக்கு ஐந்து வயது நடக்கும்போது 'ஃபைண்டிங் நீமோ' என்ற படத்தை வீட்டில் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். கூரிய பற்களைக் காட்டிக்கொண்டு சுறா மீன் வரும் கட்டம் நெருங்க நெருங்க அவளை அணைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவளோ அந்தச் சுறாவைக் கண்டு கைகொட்டிச் சிரித்தாள். அதற்குச் சற்று முன்பே, சின்ன மீன் நீமோவை மனிதன் ஒருவன் பிடித்துப் படகில் ஏற்றிக்கொண்டு போக, தகப்பன் மீன் அந்தப் படகின் பின்னே நீந்தி நீந்தி எட்டமுடியாமல் நின்றுவிடும் காட்சியில், சத்தமே இல்லாமல் அவள் கண்கள் நிறைந்திருந்ததை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். படம் முடிந்த பிறகு அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: 'படகு போன பிறகு அந்த அப்பாவுக்கு வழி தெரியுமா தாத்தா?' எனக்குச் சுறா தெரிந்தது. அவளுக்குப் பிரிவு தெரிந்தது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கேன்டர் என்ற அறிஞர், திரையும் தொலைக்காட்சியும் குழந்தைகளிடத்தில் உண்டாக்கும் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சுமார் ஏழு வயது வரையில் உள்ள குழந்தை தோற்றத்தைக் கண்டே பயப்படுகிறது என்பதும், அந்தப் பிராயத்தைக் கடந்த பின்னரே உண்மையில் நடக்கக்கூடியது எது என்ற சிந்தனையால் பயப்படத் தொடங்குகிறது என்பதும் அவர் கண்ட முடிவுகளில் தலையானவை. நல்லவனான ஒரு மனிதன் பச்சை நிறப் பூதமாக மாறி எளியோரைக் காக்கும் 'ஹல்க்' என்ற தொலைக்காட்சித் தொடர், பள்ளிக்குச் செல்லாத சிறு குழந்தைகளை நடுநடுங்க வைத்ததன் காரணம் இதுவே. பெரிய குழந்தைகள் அவன் குணத்தைப் பார்த்தார்கள். சிறியவர்கள் அவன் உருவத்தைப் பார்த்தார்கள். 'இது பொய், வெறும் கதைதான்' என்ற சமாதானம் சிறு குழந்தைக்குப் பயன்படாது என்றும், மடியில் எடுத்து அணைத்துக்கொள்வதும், குடிக்க ஏதேனும் கொடுப்பதும், பிரியமான பொம்மையைக் கையில் தருவதுமே அதன் நடுக்கத்தைத் தணிக்கும் உபாயங்கள் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. பயந்த குழந்தைக்குத் தர்க்கம் சொல்லாமல் திருநீறு பூசித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

எனவே ஆராய வேண்டிய முதல் அம்சம் தோற்றம். 1937 டிசம்பர் 21-ஆம் தேதி முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'ஸ்னோ ஒயிட்', மறு ஆண்டில் இங்கிலாந்துக்கு வந்தபோது அந்நாட்டுத் தணிக்கைக் குழு அதற்கு 'ஏ' சான்றிதழ் அளித்து, சிறுவர் சிறுமியர் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்று விதித்தது. இன்று கேட்பவர்க்கு இது மிகையாகப் படலாம்; எனினும் அந்தப் படத்தின் கானகக் காட்சியைப் பார்த்தவர்கள், மரக்கிளைகள் கைகளாக மாறி அப்பெண்ணின் ஆடையைப் பற்றியிழுப்பதையும், இருளெங்கும் கண்கள் திறப்பதையும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே காட்சியின் முடிவில் என்ன நேர்கிறது என்பதையும் நோக்க வேண்டும். அவள் அழுது தளர்ந்து விழுந்த பிறகு, அந்தக் கண்கள் எல்லாம் மானுக்கும் முயலுக்கும் பறவைக்கும் உரியவை என்று வெளிச்சத்தில் தெரிகிறது. பயமுறுத்திய இருளே உறவாகிவிடுகிறது. குழந்தையை இருட்டுக்குள் அழைத்துச் சென்ற படம், சில நிமிஷங்களுக்குள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிட்டது. அதே படத்தில் அரசி கிழவியாக மாறும் காட்சியிலோ இத்தகைய மீட்சி இல்லை. அந்த உருவம் படம் முடியும் தறுவாய் வரையில் குழந்தையின் மனத்தில் நின்று உலாவுகிறது. ஒரே படத்துக்குள்ளேயே ஏற்ற பயமும் ஏலாத பயமும் அடுத்தடுத்து நிற்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இரண்டாவது அம்சம் பிரிவு. 1942-இல் வெளிவந்த 'பாம்பி'யில் தாய் மானை வேடன் சுடுவதைத் திரையில் நாம் காண்பதில்லை. வெடியோசை ஒன்று கேட்கிறது. குட்டி மான் ஓடி வந்து புதருக்குள் சேர்ந்து திரும்பிப் பார்க்கிறது. பின்னால் அம்மா இல்லை. பனி பொழிந்துகொண்டே இருக்கிறது. ஒரு துளி ரத்தம் காட்டாத இந்தக் காட்சிதான் எண்பது ஆண்டுகளாக எத்தனையோ நாட்டுக் குழந்தைகளை விம்ம வைத்திருக்கிறது. ரத்தத்தையும் கத்தியையும் மட்டும் தேடுகிற கண்ணுக்கு இதில் ஆட்சேபிக்க ஒன்றும் அகப்படாது. ஆனால் தாய் கண்மறைந்தால் உலகமே மறைந்துவிட்டதாக எண்ணும் பிராயத்துக் குழந்தைக்கு, வெற்றுப் பனிவெளி எந்த ராட்சசனையும்விடக் கொடியது. பெற்றோரில் ஒருவர் நெடுநாள் வெளியூரில் இருக்கும் வீட்டிலும், ஆஸ்பத்திரியில் யாரேனும் படுத்திருக்கும் வீட்டிலும், சமீபத்தில் மரணம் நிகழ்ந்த வீட்டிலும் இக்காட்சி வேறொரு கனத்தோடு வந்து விழும் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. அந்த வீட்டுக்காரர்கள்தாம் அறிவார்கள்.

மூன்றாவதாக நான் சொல்லப்போவதைப் பெற்றோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை, அது குற்றவுணர்வு. 1994-இல் வந்த 'லயன் கிங்' படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும், மலைச்சரிவிலிருந்து தந்தைச் சிங்கம் விழுந்து இறப்பதையும், குட்டி சிம்பா அதன் குளிர்ந்த முன்னங்காலுக்கடியில் புகுந்து படுத்துக்கொள்வதையுமே சொல்லி வருந்துவார்கள். எனக்கோ அதற்கு அடுத்த நொடியே அதிகக் கவலை தருவது. கொலை செய்த சிற்றப்பனே அந்தக் குட்டியின் அருகில் வந்து, நடந்ததற்கெல்லாம் நீதான் காரணம் என்று அதன் தலையில் பழியைச் சுமத்தி, ஊரைவிட்டே ஓடிப்போகச் சொல்கிறான். வீட்டில் நேரும் துன்பத்துக்கெல்லாம் தன் குறும்பே காரணமாயிருக்கும் என்று நம்பும் இயல்பு நான்கைந்து வயதுக் குழந்தைக்கு உண்டு. அம்மாவுக்குத் தலைவலி வந்தால்கூட, தான் பிடிவாதம் பிடித்ததால்தான் என்று அது உள்ளூர எண்ணிக் கொள்ளும். அத்தகைய குழந்தை சிம்பாவோடு சேர்ந்து அந்தப் பழியையும் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடுகிறது. உண்மைக் குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொள்வது படத்தின் இறுதிக் கட்டத்தில்தான்; அதற்குள் குழந்தை தூங்கியும் போயிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு நியாயத்தின் வெற்றியைக் கற்பிக்கும் இந்தச் சிறந்த கதை, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பதில் கிடைக்காத ஒரு குறுகுறுப்பை விட்டுச் செல்லக்கூடும். பக்கத்தில் இருப்பவர் மெல்லக் குனிந்து, 'அந்தக் குட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தச் சிற்றப்பன் பொய் சொல்கிறான்' என்று அப்பொழுதே காதில் சொல்லிவிட்டால், அந்தக் குறுகுறுப்பு அங்கேயே கரைந்துவிடும்.

நான்காவது அம்சம், படம் எதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பது. பயத்தைக் குழந்தை முகத்தில் காட்டிவிடும். ஏளனத்தைக் காட்டாது, சிரித்துக்கொண்டே விழுங்கிவிடும். ஆகையால் பாட்டியின் கண்கூட இந்த இடத்தில் ஏமாறக்கூடும். 1941-இல் வந்த 'டம்போ'விலும் 1953-இல் வந்த 'பீட்டர் பான்' படத்திலும் கறுப்பின மக்களையும் அமெரிக்கப் பூர்வகுடிகளையும் நகைப்புக்குரியவர்களாகச் சித்திரித்த பகுதிகள் இருக்கின்றன. அவற்றைத் தயாரித்த டிஸ்னி நிறுவனமே 2020-இல் தன் இணையத் திரைச் சேவையில் அப்படங்களின் முகப்பில் அதைக் குறிப்பிட்டு எச்சரிக்கை வைத்தது. பருத்த உடலையும், திக்குவாயையும், கறுத்த நிறத்தையும், வேலைக்காரரின் பேச்சையும் சிரிப்புக்குக் கருவியாக்கும் காட்சி எந்த மொழிப் படத்தில் வந்தாலும், அது புலியையும் பூதத்தையும்விட நெடுங்காலம் குழந்தையிடம் தங்கும். பூதத்தின் பயம் ஒரு வாரத்தில் தெளியும்; பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் தோழனைக் கேலிசெய்யக் கற்ற நாக்கு எளிதில் திருந்தாது.

இவ்வளவு நுட்பமான விஷயத்தை அரசாங்கச் சான்றிதழ் ஒன்றே தீர்த்துவைக்கும் என்று நம்பியிருக்க முடியுமா என்பதை அடுத்துப் பார்ப்போம். முயல் கூட்டம் ஒன்று தன் இருப்பிடத்தை இழந்து புது வாழ்வு தேடிப் போகும் 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற சித்திரப் படத்துக்கு 1978-இல் பிரிட்டிஷ் தணிக்கைக் குழு, யாவரும் பார்க்கத்தக்கது என்னும் 'யு' சான்றிதழை வழங்கியது. சித்திரம்தானே என்ற எண்ணம் அந்த அறிஞர்களையும் ஆட்கொண்டிருந்தது. கண்ணியில் கழுத்து மாட்டி நுரை தள்ளும் முயலையும், ரத்தம் பரந்த வயலையும் கண்டு அலறிய குழந்தைகளின் பெற்றோர் ஆண்டுதோறும் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 44 ஆண்டுகள் கழித்து, 2022-இல், அந்தச் சான்றிதழ் பெற்றோரின் வழிகாட்டுதல் வேண்டும் என்ற வகைக்கு மாற்றப்பட்டது. 1978-இல் அழுத குழந்தை அதற்குள் தானே பேரக்குழந்தை காணும் பிராயத்தை நெருங்கியிருக்கும்.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் 'யு' என்றும் 'ஏ' என்றும் இருந்த பிரிவுகளோடு, 1983-இல் 'யு/ஏ' என்ற இடைப்பிரிவு சேர்ந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்க்குப் பெற்றோரின் வழிகாட்டுதல் வேண்டும் என்பது அப்போது அதன் பொருளாக இருந்தது. 2016-இல் வந்த 'ஜங்கிள் புக்' படத்துக்கு நம் தணிக்கை வாரியம் இந்த 'யு/ஏ'வை அளித்தபோது, மோக்லியின் கதைக்கா இது என்று நாடெங்கும் பலர் எள்ளினார்கள். அந்த எள்ளலில் நான் சேரவில்லை. நூலில் படிக்கும் புலியும், இரு பரிமாணத்தில் வரைந்த புலியும், முப்பரிமாணக் கண்ணாடி வழியே மயிர்க்கால் தெரிய மூக்குக்கு நேரே பாயும் புலியும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒன்றல்ல. 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த 'யு/ஏ'வை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுகளை எல்லையாகக் கொண்ட மூன்று படிகளாகப் பிரித்திருப்பது வரவேற்கத்தக்க முன்னேற்றம். தோற்றத்துக்குப் பயப்படும் பிராயமும் சம்பவத்துக்குப் பயப்படும் பிராயமும் பிரியும் இடத்திலேயே முதற்படி அமைந்திருப்பது மிகவும் பொருத்தமானது.

எனினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பரப்பு முழுவதும் 'யு' என்ற ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. பால்குடி மறக்காத இரண்டு வயதுக் குழந்தையும், முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டும் ஆறு வயதுக் குழந்தையும் அந்த எழுத்தின் முன் சமமாகிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 'யு' என்பது நான்கு வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஏற்றது என்று விளக்கம் தந்து, எந்தக் குழந்தை எதைக் கண்டு கலங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதையும் அந்தக் குழுவே ஒப்புக்கொள்கிறது. படத்தில் என்ன வகையான அச்சமோ துயரமோ இருக்கிறது என்று சில வரிகளில் தெரிவிக்கவும் செய்கிறது. நம் நாட்டிலும் இணையவழிப் படங்களுக்கு வயதெல்லையோடு உள்ளடக்கக் குறிப்பும் இருக்க வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. திரையரங்கின் சுவரொட்டியிலும், சீட்டு வழங்கும் இடத்திலும், 'இப்படத்தில் தாயின் மரணம் காட்டப்படுகிறது', 'குழந்தை வழி தவறும் காட்சி உண்டு' என்று எளிய தமிழில் ஒரு வரி எழுதிவைப்பது கடினமான காரியமன்று. உணவுப் பொட்டலத்தின் மீது அதில் கலந்திருப்பது இன்னதென்று அச்சிட வேண்டும் என்று கேட்கும் நாம், மனத்துக்குள் செல்லும் உணவுக்கு அதைக் கேட்காமலிருப்பது முறையாகாது.

படத்தின் உள்ளடக்கத்தோடு, படம் பார்க்கும் சூழலையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் ஐந்து வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவுறுத்துகிறது. 'ஃபைண்டிங் நீமோ' 100 நிமிஷம் ஓடுகிறது. 'டோட்டோரோ' 86 நிமிஷம் ஓடுகிறது. எனவே எவ்வளவு தூய்மையான படமாயினும், அதை ஒரே மூச்சில் பார்த்து முடிக்கும் வலிமை அந்தச் சின்ன உடம்புக்கு இல்லை. வீட்டில் என்றால் பாதியில் நிறுத்தி, மீதியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பாட்டியும் கதையை நாளைக்கு என்று நிறுத்தியவள்தானே. இருண்ட அரங்கில், நெஞ்சில் மோதும் ஓசைக்கு நடுவில், வெளியே போகும் வழியும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஐந்து வயது வரையில் வீட்டுக் கூடமே தகுந்த அரங்கு என்பது என் துணிவு. அரங்குக்கு அழைத்துச் சென்றேயாக வேண்டுமென்றால், வாசலுக்கு அருகில், பின் வரிசையில் இடம் பிடித்து, குழந்தை வேண்டாம் என்ற கணமே, கொடுத்த காசை எண்ணாமல், எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். செலவழித்த பணத்துக்காக அழும் குழந்தையை அதட்டி உட்கார வைப்பது, அதன் பயத்தோடு அவமானத்தையும் சேர்த்துக் கட்டுவதாகும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை இவற்றிலிருந்து தாமாகவே விளங்கும். முதலில் படத்தைத் தாம் பார்த்துவிட வேண்டும். இயலாவிட்டால், அதைப் பார்த்த ஒருவரிடம், 'நன்றாயிருக்கிறதா' என்று கேளாமல், 'அதில் யார் யாரைப் பிரிகிறார்கள், எவ்வளவு நேரத்தில் சேர்கிறார்கள்' என்று கேட்க வேண்டும். இரண்டாவதாக, வரப்போவதைக் குழந்தைக்குச் சிறிது முன்னமே சொல்லிவைக்கலாம். 'அந்தப் பாப்பா தொலைந்து போவாள், அப்புறம் அக்கா கண்டுபிடித்துவிடுவாள்' என்று முடிவைச் சொல்லிவிடுவதால் பெரியவனுக்குச் சுவை குன்றலாம். சிறு குழந்தைக்கோ, அந்தத் தைரியத்தில்தான் சுவையே பிறக்கிறது. மூன்றாவதாக, படம் முடிந்ததும் காரியம் முடிந்ததாக எண்ணாமல், அடுத்த இரண்டு மூன்று நாட்கள் அதன் விளையாட்டையும் தூக்கத்தையும் கவனித்துவர வேண்டும். பொம்மைகளை வைத்து அதே காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்க்கிறதா, இரவில் விளக்கை அணைக்க வேண்டாம் என்கிறதா, யாரையேனும் புதிதாகக் கேலி செய்கிறதா என்பவற்றிலிருந்துதான் அந்தப் படம் அதன் மனத்தில் எங்கே போய்த் தங்கியது என்பது புலப்படும். அதே படத்தை மறுபடியும் பார்க்கக் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். பயத்தை வென்றுவிட்டோமா என்று குழந்தை தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வழி அது.

'டோட்டோரோ'வில் ஒரு சிறு காட்சி உண்டு. புதிதாகக் குடிவந்த பழைய வீட்டில், இரவுக் காற்று பலகைகளைப் பிய்த்தெறிவதுபோல வீசுகையில், தந்தையும் இரண்டு பெண்களும் குளியல் தொட்டியில் அமர்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் ஒடுங்குவதைத் தந்தை பார்க்கிறார். பயப்படாதே என்று அவர் உபதேசம் செய்வதில்லை. காற்று பொய் என்றும் சொல்வதில்லை. உரக்கச் சிரிக்கத் தொடங்குகிறார்; பெண்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள்; அந்தச் சிரிப்பைக் கேட்டு வீட்டின் இருட்டில் பதுங்கியிருந்த கரிக்குஞ்சுகள் என்ற குட்டி மாய உயிர்கள் வேறிடம் தேடிப் புறப்பட்டுவிடுகின்றன. காற்று நின்றுவிடவில்லை, தந்தை உடன் இருந்தார், அவ்வளவே. பதுங்கு குழியில் கிடந்த செத்சுகோவின் அருகில் அப்படிச் சிரிக்க ஒரு பெரியவர் இல்லை. அண்ணனும் குழந்தையாகவே இருந்தான். ஒரே அரங்கில் அன்று காட்டப்பட்ட அவ்விரு படங்களுக்கும் இடையே உள்ள தூரம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பெரியவரின் இடத்தைத் திரைக்கு வெளியே நிரப்ப வேண்டியவர்கள் நாம். குழந்தையைப் படத்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டு அடுக்களைக்கோ கைப்பேசிக்கோ போய்விடும்போது, கண்ணில்லாத ஒரு கதைசொல்லியிடம் அதைத் தனியே ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். அடுத்த முறை குழந்தையோடு ஒரு படத்துக்கு உட்காரும்போது, திரைக்கு நேரே உட்காராமல், அந்த முகம் தெரியும்படி சற்றே பக்கவாட்டில் உட்காருங்கள். படத்தில் பாதி உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அந்தப் பாதியை உங்களுக்குச் சொல்லக் குழந்தை இருக்கிறது.